நாலடித் தொட்டிக்கு ஒரு மறுகால்: சம்ப், ஓவர்ஃப்ளோ செய்முறை

திருநெல்வேலிப் பக்கம் ‘சம்ப்’ என்றால் வாசலுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும். கண்ணாடிக் கடையில் போய் “மீன்தொட்டிக்கு சம்ப் வேணும்” என்று மட்டும் சொன்னால் வெறும் பெட்டி ஒன்றை ஒட்டித் தந்துவிடுவார்கள். படம் வரைந்து, எந்தத் தடுப்புக்கு அடியில் இடைவெளி, எது எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று குறித்துக் கையில் கொடுப்பதே நல்லது.

ஓவர்ஃப்ளோவை விளக்க நம் ஊரில் அதிகம் மெனக்கெட வேண்டாம். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிறதல்லவா, அதுதான். மேலே இருக்கும் மீன்தொட்டி முதல் குளம், ஸ்டாண்டுக்குள் இருக்கும் சம்ப் அடுத்த குளம்; தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டி அறைகள் அதில்தான் இருக்கும். ஒரே வித்தியாசம், இங்கே கீழே போன தண்ணீரை மோட்டார் திரும்ப மேலே ஏற்றுகிறது. அந்த மோட்டார் நின்றால் என்ன ஆகும் என்பதில்தான் முழு வேலையும் அடங்கியிருக்கிறது. பலரும் மோட்டாரை முதலில் வாங்கி, அதற்கு ஏற்ப மற்றதைப் பொருத்துகிறார்கள். அது தலைகீழ். கரண்ட் போனால் எத்தனை லிட்டர் கீழே இறங்கும், குழாய் அடைத்தால் எத்தனை லிட்டர் மேலே ஏறும் என்ற இரண்டு கணக்கையும் முடித்துவிட்டுத்தான் மோட்டார் கடைக்குப் போக வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்ட தொட்டி 120 × 45 × 45 செ.மீ, 10 மி.மீ கண்ணாடி. உள்ளளவு சுமார் 118 × 43. அதாவது தண்ணீர் 1 செ.மீ ஏறினாலும் இறங்கினாலும் 5 லிட்டர். சம்ப் 90 × 35 × 40 செ.மீ, 8 மி.மீ கண்ணாடி. உள்ளளவு 88.4 × 33.4, அதில் 1 செ.மீக்கு 3 லிட்டர். இந்த 5, 3 என்ற இரண்டு எண்களை ஸ்டாண்டின் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள். பிறகு எல்லாக் கணக்கும் வாய்க்கணக்காகவே முடியும்.

கரண்ட் போனால்

மோட்டார் நின்றதும் இரண்டு வழியாகத் தண்ணீர் இறங்கும். ஒன்று, ஓவர்ஃப்ளோ பெட்டியின் (தண்ணீர் வழிந்து விழ மேல்தொட்டிக்குள் ஒட்டும், சீப்புப் போல வெட்டிய விளிம்புள்ள சிறு பெட்டி) பல்லிடுக்குக்கு மேலே நிற்கும் தண்ணீர். இன்னொன்று, மோட்டாரிலிருந்து மேலே வரும் ரிட்டர்ன் குழாய் தலைகீழ் சைஃபனாக (நிறைந்திருக்கும்வரை தண்ணீரைத் தானே கீழே இழுக்கும் குழாயாக) மாறி இழுக்கும் தண்ணீர். ரிட்டர்ன் வாய் காற்றைத் தொடும்வரை அது நிற்காது. வாயை நீர்மட்டத்துக்கு 3 செ.மீ கீழே வைத்தால் 15 லிட்டர் இறங்கும். பார்க்க அழகாக இருக்கிறதென்று 30 செ.மீ ஆழத்தில் வைத்தால் 150 லிட்டர். இந்த சம்ப் மொத்தமே 118 லிட்டர்தான்.

ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 மி.மீ துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் உடையும் என்பது உண்மை. துளை போடுங்கள், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பாசி ஒரு மாதத்தில் அதை மூடிவிடும். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வும் அப்படித்தான்: மிளகு அளவு நத்தை ஒன்று இடையில் சிக்கினால் போதும், வால்வு மூடாது. இரண்டும் இல்லை என்று வைத்துக்கொண்டே சம்ப்பில் இடம் விட வேண்டும்.

ஆக 15 லிட்டர், ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் நிற்பதும் குழாய்களில் இருப்பதும் சேர்த்து 4 லிட்டர், மொத்தம் 19 லிட்டர். ஓடும்போது சம்ப்பின் முதல் இரண்டு அறைகளில் (அறைகளின் அளவு கீழே வருகிறது) 29 செ.மீ, மோட்டார் அறையில் 20 செ.மீ தண்ணீர் நிற்கும். இறங்கும் 19 லிட்டரில் 8 லிட்டருக்கு மேல் மோட்டார் அறைப் பக்கப் பள்ளத்தை நிரப்பவே போய்விடும். மீதி சம்ப் முழுவதும் பரவி, மட்டம் 32.6 செ.மீயில் நிற்கும். சம்ப்பின் உயரம் 40. தரை நனையாது.

குழாய் அடைத்தால்

இதை யாரும் யோசிப்பதில்லை. இறங்கும் குழாயில் செடி இலையோ நத்தையோ அடைத்துக்கொண்டால் மோட்டார் தன் பாட்டுக்கு மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் அதனால் ஏற்ற முடிந்தது தன் அறையில் இருப்பதை மட்டும்தான், மற்ற அறைகளைத் தடுப்புக் கண்ணாடி பிடித்து வைத்திருக்கும். மோட்டார் அறை 25 × 33.4 செ.மீ. 20 செ.மீயிலிருந்து மோட்டார் காற்று இழுக்கும் 6 செ.மீ வரை 12 லிட்டர் இருக்கிறது. முன் அறைகளில் தடுப்புக்கு மேல் நிற்கும் 1 செ.மீயும் வழிந்து வரும், அது 2 லிட்டர். மொத்தம் 14 லிட்டர், மேல்தொட்டியில் 2.8 செ.மீ. எனவே ஓடும்போது நீர்மட்டம் விளிம்புக்கு 4 செ.மீ கீழே இருந்தால் மோட்டார் அறை காலியானாலும் மேலே வழியாது.

மோட்டார் அறையைப் பெரிதாக வைத்தால் தண்ணீர் அடிக்கடி ஊற்ற வேண்டாம் என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் அறை பெரிதாகப் பெரிதாக அடைப்பின்போது மேலே ஏறும் தண்ணீரும் கூடும்.

சம்ப்பின் தடுப்புகள்

இடமிருந்து வலமாக: தண்ணீர் விழும் ஸ்பாஞ்ச் அறை 20 செ.மீ, மீடியா அறை 35, குமிழ் பிடிக்கும் இரண்டு சந்துகள் தலா 3, மோட்டார் அறை 25. தடுப்புக்கு 6 மி.மீ கண்ணாடி. முதல் தடுப்பு அடியில் 4 செ.மீ தூக்கி ஒட்டப்பட்டு 34 வரை உயரும். தண்ணீர் அடிவழியே மீடியா அறைக்குள் போய் மேல்நோக்கி ஏறும். இரண்டாவது தரையோடு ஒட்டியது, உயரம் 28. மூன்றாவது அடியில் 3 செ.மீ இடைவெளி, மேலே 32 வரை. நான்காவது தரையோடு ஒட்டியது, உயரம் 24. மேலே, கீழே, மேலே என்று போகும்போது குமிழ்கள் கழன்று மேலே போய்விடும். இல்லாவிட்டால் மோட்டார் அவற்றை அரைத்து, தொட்டி முழுவதும் பால் கலந்த மாதிரி ஆக்கிவிடும்.

தடுப்பின் அகலத்தை 33.4க்குச் சரியாக வெட்டச் சொல்லாதீர்கள். 33.0 போதும். இருபுறமும் 2 மி.மீ சந்தில் சிலிக்கான் நிரம்பினால்தான் பிடி இருக்கும். புளிப்பு வாடை அடிக்கும் சாதாரண அசிடிக் சிலிக்கானே வேண்டும், பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்த குளியலறை சிலிக்கான் மீனைக் கொல்லும். ஒட்டிவிட்டு மூன்று நாள் தொடாமல் விடுங்கள். புளிப்பு வாடை முற்றிலும் போகாமல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மீடியாவுக்கு, அதாவது அழுக்கைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா ஒட்டி வளரும் பொருளுக்கு, செராமிக் ரிங் நல்லது, விலைதான் அதிகம். பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் (சோப்பு இல்லாதது, கம்பி நார் அல்ல), உடைத்துக் கழுவிய ஓட்டுச் சில்லு இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். வெங்காயம் வரும் வலைப்பையில் கட்டிப் போட்டால் எடுத்து அலச வசதி. வெள்ளைக் கல் எதையும் போடும்முன் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தாழையூத்துச் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் தாராளமாகக் கிடைக்கும். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், தண்ணீரின் கடினத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரே ஏற்கெனவே கடினம். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் மென்மையானது.

ஓவர்ஃப்ளோ பெட்டி

தாமிரபரணியின் மருதூர் அணைக்கட்டில் தண்ணீர் வழிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுவர் எவ்வளவு நீளமோ அவ்வளவு மெல்லிய தகடாகத் தண்ணீர் பாயும். இங்கும் அதே விதி. மணிக்கு 1400 லிட்டர் போகும்போது, 24 செ.மீ நீளச் சீப்பில் பாதியைப் பற்கள் அடைத்துக்கொண்டால், பல்லிடுக்கின் அடியிலிருந்து சுமார் 1.5 செ.மீ உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். மேலே போட்ட கணக்கில் இறங்கும் 3 செ.மீயில் பாதி இதுதான். சீப்பை நீளமாக்கினால் இந்த உயரம் குறையும், மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் நன்றாக உரிந்து வரும்.

பெட்டி உள்ளளவு 24 அகலம், 10 ஆழம், 18 உயரம். பின்கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டப்படும். பல்லிடுக்கின் அடி தொட்டியின் விளிம்புக்கு 5.5 செ.மீ கீழே வர வேண்டும். பெட்டிக்குள் பின்கண்ணாடியில் இரண்டு துளைகள், இரண்டின் மையமும் விளிம்பிலிருந்து 12 செ.மீ கீழே, ஒன்றுக்கொன்று 12 செ.மீ தள்ளி. துளையின் ஓரத்துக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் இடையில் குறைந்தது ஒரு துளை அகலமாவது இருக்கட்டும்.

ஒரு துளையில் எல்போ கீழ்நோக்கி. அது முழுச் சைஃபன், எந்நேரமும் வேலை செய்வது. இன்னொன்றில் எல்போ மேல்நோக்கி, வாய் பல்லிடுக்கின் அடிக்கு 2 செ.மீ கீழே. அது அவசரக் குழாய், சாதாரண நாளில் ஒரு நூல் தண்ணீர் மட்டும் போகும். முதல் குழாய் அடைத்தால் முழுத் தண்ணீரையும் அது வாங்கிக்கொள்ளும். ஒரே ஒரு குழாயோடு சம்ப் அமைப்பது வேண்டவே வேண்டாம்.

துளை போடாமல் விளிம்பில் மாட்டும் ‘யு’ குழாய் வகைப் பெட்டிகளும் விற்கின்றன. சைஃபனுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று சேர்ந்து ஒருநாள் அறுந்துவிடும். கரண்ட் போய் வரும் நேரத்தில் அப்படி அறுந்தால் இறங்கும் வழியே இல்லை, ஏறும் வழி மட்டும் இருக்கும். மாதப் பராமரிப்பு மின்தடையும் இடிமழை நேரத்துக் கரண்ட் கட்டும் உள்ள ஊருக்கு அது ஒத்துவராது.

துளை போடுவது

டெம்பர் செய்த (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியில் துளை போடவே முடியாது, தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கடையில் சாதாரணக் கண்ணாடிதானா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே டிரில்லை எடுங்கள். டேங்க் நிப்பிளின் (துளையில் மாட்டிக் குழாயை இணைக்கும் மரைத்துண்டின்) மரை வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, அதைவிட 1 அல்லது 2 மி.மீ பெரிய டயமண்ட் ஹோல்சா (வட்டமாக வெட்டும் டிரில் பிட்) வாங்க வேண்டும். ‘ஒரு இஞ்ச் நிப்பிள்’ என்ற பெயரை நம்பி வாங்கக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி மரை விட்டம் மாறும்.

பின்கண்ணாடி மேலே வரும்படி தொட்டியைப் படுக்கவைத்து, துளை வரும் இடத்தின் உள்பக்கம் அகலமான டேப் ஒட்டுங்கள். வெளிப்பக்கம் சப்பாத்தி மாவை உருட்டி வட்ட வரம்பு கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். டிரில் நிமிடத்துக்கு 500 சுற்றுக்குள் இருக்கட்டும். முதலில் ஹோல்சாவைச் சாய்த்துப் பிடித்துப் பிறைபோல ஒரு தடம் விழச் செய்து, மெதுவாக நிமிர்த்த வேண்டும். சிறிது நேரத்தில் தண்ணீர் வெள்ளையாக, வடித்த கஞ்சி மாதிரி ஆகும், அது கண்ணாடித் தூள். துடைத்து எடுத்துப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். அழுத்தம் என்று எதுவும் கூடாது, டிரில்லின் கனமே போதும். 10 மி.மீ கண்ணாடிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். சத்தம் மெல்லிதாக மாறினால் கடைசி ஒரு மில்லிமீட்டர் வந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலான கண்ணாடிகள் உடைவது அந்த இடத்தில்தான், அவசரத்தில்.

நிப்பிளின் ரப்பர் வாஷர் தண்ணீர்ப் பக்கம், தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில். நட்டைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று மட்டும். ஸ்பானரை வைத்து முழுமூச்சாக இறுக்கினால் வாஷர் பிதுங்கி ஒழுகும், சில வேளை கண்ணாடியே விரியும்.

குழாய் வாங்கும்போது

ஒரு இஞ்ச் என்று கேட்டால் கடையில் மூன்று வகை கிடைக்கும். வெள்ளை யூபிவிசி வெளிவிட்டம் 33.4 மி.மீ. வயலுக்குப் போடும் சாம்பல் நிறப் பிவிசியில் அதற்குப் பக்கத்து அளவு 32 மி.மீ. சுடுதண்ணீர்க் குழாயான சிபிவிசி 28.6 மி.மீ. ஒன்றின் குழாய் இன்னொன்றின் எல்போவுக்குள் லூஸாகப் போய், சொல்யூஷன் தடவியதும் ஒட்டியது போலத் தெரியும், ஒரு வாரம் கழித்துக் கசியும். எல்லாவற்றையும் ஒரே வகையில், ஒரே கடையில் வாங்குங்கள். இங்கே இரண்டு இறங்கு குழாய்களும் ஒரு இஞ்ச் யூபிவிசி. 75 செ.மீ இறக்கத்தில் முழுச் சைஃபனாக இது மணிக்கு 3000 லிட்டர் வரை இழுக்கும், நமக்குத் தேவை அதில் பாதிகூட இல்லை. ஆகவே சைஃபன் குழாயில் சம்ப்புக்கு மேலே கை எட்டும் இடத்தில் ஒரு வால்வு கட்டாயம். திருகு வகை பிவிசி வால்வு கிடைத்தால் நுணுக்கமாகச் சரிசெய்யலாம். பால் வால்வு என்றால் சரியான நிலையை மார்க்கரில் கோடு போட்டு வையுங்கள். பித்தளை வால்வு இறால் வளர்ப்போருக்கு ஆகாது, செம்பு கசியும்.

வால்வுக்கு அடியில் ஒரு யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போட மறந்தால், ஆறு மாதம் கழித்துக் குழாயைக் கழுவ ஹாக்ஸா பிளேடுதான் வழி.

சைஃபன் குழாயின் கீழ்முனை சம்ப் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ கீழே இருக்கட்டும். ஆழமாகப் போனால் குழாய்க்குள் மாட்டிய காற்று வெளியேறாமல் சைஃபன் தொடங்காது. கரண்ட் நின்று சம்ப் மட்டம் ஏறியிருக்கும்போது இதே முனை 5, 6 செ.மீ ஆழத்தில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அவசரக் குழாயின் முனை மட்டும் நீருக்கு மேலே நிற்கட்டும். அதில் தண்ணீர் விழும் சத்தம் வந்தால், முதல் குழாயில் அடைப்பு என்று பக்கத்து அறையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

மோட்டார்

மணிக்குத் தொட்டியின் 5, 6 மடங்கு சுழன்றால் நன்னீர் மீனுக்குப் போதும், அதாவது சுமார் 1200 முதல் 1400 லிட்டர். பெட்டியில் 3000 என்று எழுதியிருப்பது உயரமே இல்லாதபோது. அதிகபட்ச உயரம் 3 மீட்டர் என்றுள்ள மோட்டாரை 1.3 மீட்டர் ஏற்ற வைத்தால் 1700க்கு வரும், எல்போக்கள் மேலும் தின்று 1400. ஆகவே இதற்கு 3000 மார்க் மோட்டார்தான் சரி. 40 வாட் என்றால் இரண்டு மாத பில்லில் சுமார் 58 யூனிட் ஏறும். இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் மீன் குடித்துவிடும்.

இன்வெர்ட்டரில் இணைப்பதானால் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்த மோட்டார்கள் உறுமும், சூடாகும். வயர் பிளக்குக்குப் போகும்முன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு தொங்கல் விடுங்கள், வயர் வழியே வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சுவிட்ச் பெட்டியை சம்ப்புக்கு மேலே வைக்கக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

பொருத்தி ஓட்டுவது

தண்ணீர், கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து 400 கிலோவைத் தாண்டும். பழைய வீடுகளில் தரை முற்றத்துப் பக்கம் சரிந்திருக்கும், ரசமட்டம் வைத்துப் பார்த்து ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தகடு கொடுங்கள். ஸ்டாண்டுக்கு நடுக்கால் இருந்தால் 90 செ.மீ சம்ப் முன்பக்கமாக நுழையாது. தொட்டியை மேலே தூக்கி வைக்கும்முன் சம்ப்பை உள்ளே வைத்துவிட வேண்டும். தொட்டியை நிரப்பிய பிறகு இது தெரியவந்தால் வெல்டரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

மேல்தொட்டியைப் பல்லிடுக்கின் அடிவரை நிரப்பி, சம்ப்பில் முன் அறைகளை 28 வரையும் மோட்டார் அறையை 20 வரையும் நிரப்பி, மோட்டாரைப் போடுங்கள். அடுத்த நிமிடம் மோட்டார் அறை மளமளவென்று இறங்கும். ஒழுகுகிறதோ என்று பதற வேண்டாம், மேலே 1.5 செ.மீ ஏறவே 7.5 லிட்டர் வேண்டும், பெட்டியும் குழாயும் தங்கள் பங்குக்குக் குடிக்கும். 20க்கு வரும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். முதல் இரண்டு நிமிடம் குழாய் களகளவென்று காற்றைக் கக்கும். பிறகு வால்வைச் சிறிது சிறிதாக மூடி, அவசரக் குழாயில் நூல் போலத் தண்ணீர் போகும் நிலையில் நிறுத்துங்கள். சத்தம் அப்படியே அடங்கிவிடும்.

இப்போது பிளக்கைப் பிடுங்குங்கள். சம்ப் எங்கே நிற்கிறதென்று சிவப்பு டேப் ஒட்டி, மீண்டும் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் சைஃபன் தானே பிடிக்காவிட்டால் கீழ்முனையை ஒரு சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். இதை மூன்று முறை செய்யுங்கள். பிறகு மீன் விடுவதற்கு முன்பே சைஃபன் வாயை ஒரு ஸ்பாஞ்சால் அடைத்து அவசரக் குழாய் தனியாகத் தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். அதையும் அடைத்தால் மோட்டார் அறை காலியாகி மேலே 1 செ.மீ மிச்சம் இருக்க வேண்டும். சத்தம் மாறியதும் மோட்டாரை நிறுத்திவிடுங்கள், வறண்டு ஓடக் கூடாது.

கரண்ட் இல்லாத நேரத்தில் சம்ப்பில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் வேண்டாம். 20 செ.மீ கணக்கு மோட்டார் ஓடும்போது உள்ள மட்டத்துக்குத்தான், நின்ற மட்டத்துக்கு அல்ல. நான்கைந்து மணி நேரம் கரண்ட் வராவிட்டால் மீடியா அறைத் தண்ணீர் காற்றில்லாமல் கெடும். பேட்டரி ஏர் பம்ப்பின் கல் ஒன்றை அந்த அறையிலும் ஒன்றை மேலேயும் போட்டு வையுங்கள்.

ஆடிக் காற்று

செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கம் சாரல், நெல்லைப் பக்கம் வறண்ட காற்று. திறந்த தொட்டியும் சம்ப்பும் நாளுக்கு 3 லிட்டர், சில நாள் அதற்கு மேலும் இழக்கும். இந்த இழப்பு முழுவதும் மோட்டார் அறையில் மட்டும்தான் தெரியும்: நாளுக்கு 3.6 செ.மீ. 20லிருந்து தொடங்கினால் நான்காம் நாள் மோட்டார் காற்று இழுக்கும். குடும்பத்தோடு நான்கு நாள் ஊருக்குப் போனால் வறண்டு ஓடும் மோட்டார் எரிந்துபோகும்.

ஆர்ஓ மெஷினில் வரும் கால் இஞ்ச் மிதவை வால்வை மோட்டார் அறையில் 20 செ.மீ மட்டத்தில் பொருத்தி, அதற்கு மேலே ஒரு கேனை வைத்தால் தானே ஊறும். மாடித் தொட்டி லைனை மட்டும் நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள், மிதவை ஒருநாள் ஒட்டிக்கொண்டால் வீடே குளம். 20 லிட்டர் கேன் முழுவதும் இறங்கினால் சம்ப் மட்டம் 33, அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனால் 39.4. விளிம்புக்கு அரை சென்டிமீட்டர்தான் மிச்சம். ஊருக்குப் போகாத நாளில் 10 லிட்டர் கேனே போதும். கேனில் ஊற்றுவது மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு ராத்திரி வாளியில் ஏர் கல் போட்டு வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகிக் குழாயில் கலங்கலாக வரும் நாட்களில் இரண்டு நாள் தெளியவிட்டு, அடிமண்டியைத் தொடாமல் மேலாக மொண்டு எடுக்க வேண்டும்.